அந்த நாயின் ஈறை யாராவது பார்த்தீர்களா?

நேற்று முழுக்க எல்லோரும் மாற்றி மாற்றிப் பகிர்ந்த அந்த வீடியோவைப் பற்றித்தான். ஆமாம், மயக்க மருந்தே இல்லாமல் பத்தே நிமிடத்தில் நாயின் பல்லை வெள்ளை வெளேரென்று ஆக்கிக் காட்டினார்களே, அதேதான். "இது வெறும் மேல்பூச்சு, ஈறுக்கு அடியில் எதுவும் சுத்தமாகவில்லை" என்று ஒரே ஒரு வரி எழுதினேன். அதற்குக் கிடைத்த பட்டங்கள்: டாக்டர்களின் ஏஜென்ட், பணத்திமிர் பிடித்தவள், ஒருவர் கொலைகாரி வரைக்கும் போய்விட்டார். சரி, நிதானமாகவே சொல்கிறேன்.

பல்லின் மேல் மஞ்சளாகத் தெரியும் காரை கண்ணுக்குத்தான் அசிங்கம். நோய் இருப்பது ஈறுக்கு அடியில். அங்கே சேரும் கிருமிப் படலம்தான் ஈறைப் பல்லிலிருந்து பிரித்து, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பையும் கரைக்கிறது. கூரான கருவியை அங்கே விட்டுச் சுரண்டும்வரை, விழித்திருக்கும் எந்த நாய் வாயைத் திறந்துகொண்டு உட்காரும்? நாய்க்கு 42 பல், பூனைக்கு 30. ஒவ்வொன்றையும் சுற்றி ஈறின் ஆழம் அளக்க வேண்டும், வேருக்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டும், கடைசியில் பாலிஷ் போட வேண்டும், இல்லாவிட்டால் சுரண்டிய சொரசொரப்பிலேயே காரை மறுபடி வேகமாக ஒட்டிக்கொள்ளும். பத்து நிமிடமாம்!

"மயக்கத்தில் செத்துப்போனால் யார் பொறுப்பு?" நியாயமான பயம். ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. அதற்குத்தானே முன்கூட்டியே ரத்தப் பரிசோதனை, மூச்சுக்குழாயில் டியூப், பக்கத்திலேயே நின்று இதயத்துடிப்பைக் கவனிக்க ஒரு ஆள். அந்த டியூப் மூச்சுக்கு மட்டுமல்ல, தெறிக்கும் தண்ணீரும் கிருமியும் நுரையீரலுக்குள் இறங்காமல் தடுப்பதற்கும்தான்.

அடுத்தது, 300 லைக் வாங்கிய மகா கேள்வி: "காட்டில் ஓநாய்க்கு யார் பல் சுத்தம் செய்கிறார்கள்?" ஐயா, ஓநாய்க்கு யாரும் தடுப்பூசிகூடப் போடுவதில்லை. அதன் பல் உடைந்து சீழ் கட்டினால் அது எங்கோ புதரில் கிடந்து பட்டினியில் சாகலாம், அதை யாரும் வீடியோ எடுப்பதில்லை. உங்கள் நாய் உங்கள் மெத்தையில் படுத்துப் பதினான்கு வருடம் வாழ வேண்டும், வாய் வைத்தியம் மட்டும் ஓநாய் கணக்கா? "கெட்டி எலும்பைக் கொடுங்கள், தானே சுத்தமாகும்" என்கிறவர்களுக்கும் ஒன்று: அதைக் கடித்துத்தான் மேல்வரிசையின் பெரிய கடைவாய்ப் பல் பிளந்துபோகிறது. அப்புறம் அந்தப் பல்லின் வேரில் சீழ் கட்டிக் கண்ணுக்குக் கீழே வீங்கியதும் கண்ணில் ஏதோ கடித்துவிட்டது என்று சொட்டு மருந்து விடுவீர்கள். நாம் தேய்க்கும் பேஸ்ட்டையே நாய்க்கும் போடச் சொன்ன புண்ணியவானே, சில பேஸ்ட்டுகளில் இருக்கும் சைலிட்டால் என்கிற இனிப்பு நாயின் சர்க்கரை அளவைச் சட்டென்று இறக்கிவிடும், ஈரலையும் கெடுக்கும்.

இவ்வளவு கோபம் எதற்கு என்று கேட்கிறீர்களா? என் பூனை தலையை ஒரு பக்கம் சாய்த்து, பெரிய மனுஷி மாதிரி யோசித்து யோசித்துச் சாப்பிடுவாள், நினைவிருக்கிறதா? அந்த வீடியோவை இங்கேதான் போட்டேன். நீங்கள்கூட இதயம் போட்டீர்கள். அது அழகு இல்லை, வலி. பல் வெளியே பார்க்க வெள்ளையாகத்தான் இருந்தது. மயக்கம் கொடுத்து எக்ஸ்ரே எடுத்தபோதுதான் இரண்டு பல் வேரோடு கரைந்துகொண்டிருந்தது தெரிந்தது, பிடுங்குவதைத் தவிர வேறு வழியில்லை. நாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தோம் என்று பெருமை பேசுகிறோம், அவளால் அந்தப் பல்லைக் கடிக்கக்கூட முடியாமல் எத்தனை மாதம் பொறுத்தாளோ. நான் சிரித்துக்கொண்டே படம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பிடுங்கிய இரண்டாவது வாரம், கன்னத்தை என் கையில் தேய்த்தாள். அவள் அப்படித் தேய்ப்பதை எப்போதோ நிறுத்தியிருக்கிறாள், நான் கவனிக்கவே இல்லை.

என்னைக் கொலைகாரி என்றவருக்குப் பதில் எழுத ஆரம்பித்து எங்கேயோ வந்துவிட்டேன். விடுங்கள். அந்த நாயை வளர்ப்பவர் யாரென்று எனக்குத் தெரியாது, யாருக்காவது தெரிந்தால் இதை மட்டும் சொல்லிவிடுங்கள்: வீடியோவின் நடுவில், வலது பக்க மேல் பல்லைத் தொட்டதும் ஒருமுறை தலையை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறது. எல்லோரும் சிரித்த இடம். அந்தப் பல்லை ஒரு டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.