சிலபஸில் இல்லை என்றால் பிடுங்கிவிடுவீர்களா?

பள்ளியில் ஒரு ஆறாம் வகுப்புப் பிள்ளை படித்துக்கொண்டிருந்த புத்தகத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, எல்லோர் முன்னாலும் அழ வைத்து, அப்பாவைக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார்கள். இது தப்பு என்று நான் எழுதியதற்குப் பலர் பதில் எழுதினார்கள். என்னைக் குடைவது "சிலபஸ்ல இல்லாத புத்தகம் உனக்கு எதுக்கு?" என்ற அந்த ஒரு கேள்விதான். கேட்டவர் ஒரு ஆசிரியர்.

பாடம் நடக்கும்போது படித்திருந்தால் வாங்கி வைக்கலாம், சரி. இது நடந்தது சாப்பாட்டு இடைவேளையில்.

எனக்கு அந்த வயதில் கிடைத்தது ரஷ்ய அறிவியல் எழுத்தாளர் யா. பெரெல்மானின் 'பொழுதுபோக்கு பௌதிகம்'. சோவியத் காலத்தில் மீர் பதிப்பகம் தமிழில் போட்ட புத்தகம், மாமா வாங்கித் தந்தார். அதில் ஒரு இடம். நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்கார், காலைப் பின்னால் இழுக்காதே, முன்னால் குனியாதே, இப்போது எழுந்திரு. முடியாது! என்னால் முடியவில்லை என்றதும் ஆச்சியைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். ஆச்சியாலும் முடியவில்லை, "என்னலே மந்திரம் போட்ட?" என்று பயந்தே விட்டாள். உடம்பின் எடை முழுதும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளிதான் ஈர்ப்பு மையம்; அது பாதத்துக்கு நேர் மேலே வராமல் எழ முடியாது, அவ்வளவுதான் விஷயம். அதே ஈர்ப்பு மையம் பல வருடம் கழித்துப் பள்ளியில் வந்தது, ரெண்டு மார்க் கேள்வியாக.

சிலபஸில் இல்லாத புத்தகம்தான் எனக்குச் சிலபஸில் இருந்ததையும் பிடிக்க வைத்தது. எத்தனை தடவை வேண்டுமானாலும் இதைச் சொல்வேன்.

"தேர்ச்சி விகிதம் குறைந்தால் ஆசிரியரைத்தானே கேட்பார்கள்" என்று பதில் எழுதியவர்கள் சொல்கிறார்கள். தெரியும், என் தங்கையும் ஆசிரியைதான். அதற்குப் பிள்ளையை எல்லோர் முன்னாலும் அழ வைக்க வேண்டுமா? "இப்போதுதான் யூடியூப் இருக்கே" என்கிறார்கள். இருக்கட்டும், அதையும் பார்க்கட்டும்.

வலித்தது வேறு. "அதைப் படிச்சு நீ என்ன ஆன? மோட்டார் வைண்டிங் கடைதானே வச்சிருக்க" என்று ஒரு சொந்தக்காரர் எழுதியிருந்தார். ஆமாம், அதே கடைதான். எரிந்து வரும் பம்புசெட் மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பிச் சுருளை உருவிவிட்டுப் புதுசு சுற்றிக் கொடுத்தால் எனக்குக் கூலி வந்துவிடும். ஆனால் ஏன் எரிந்தது என்று தெரியாமல் எனக்கு இருப்புக்கொள்ளாது. வோல்டேஜ் குறைந்தால் மோட்டாருக்கு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. இழுக்க வேண்டிய தண்ணீர் அப்படியேதான் இருக்கிறது, அதனால் மோட்டார் கரண்ட்டைக் கூடுதலாக இழுக்கும், கரண்ட் ரெண்டு மடங்கானால் கம்பியில் சூடு நாலு மடங்கு. இதை எனக்கு எந்தக் கல்லூரியும் சொல்லித் தரவில்லை, தேடிப் படித்தேன், வருகிற விவசாயி ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். இது படிப்பில்லையா? பட்டம் இருந்தால்தான் படிப்பா?

பெரெல்மானே படித்தது வனவியல். அந்தப் புத்தகம் 1913இல் ரஷ்ய மொழியில் வந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படை லெனின்கிராட் நகரை வளைத்திருந்த முற்றுகையில், 1942இல் அவர் பட்டினியால் செத்துப்போனார். அந்த முற்றுகைக்குள்ளும், கருவி எதுவும் இல்லாமல் திசை கண்டுபிடிப்பது எப்படி என்று படைவீரர்களுக்கு வகுப்பு எடுத்த மனுஷன் அவர். அது எந்தச் சிலபஸில் இருந்தது?

மார்க் வருமா என்று இந்தப் பதிவுக்குக் கீழேயும் வந்து கேட்பீர்கள். வராது. எனக்கு அந்தப் புத்தகத்தால் ஒரு மார்க்கும் கூடவில்லை. இப்போது ராத்திரி கடையைச் சாத்திவிட்டு, சோலார் பம்பு கன்ட்ரோலர் எப்படி வேலை செய்கிறது என்று படித்துக்கொண்டிருக்கிறேன். யாரும் எனக்குப் பரீட்சை வைக்கப் போவதில்லை.