மேம்பாலத்துடன் சுரங்கப்பாதையும் வேண்டும்

எங்கள் ஊர் ரயில்வே கேட்டில் மேம்பாலம் கட்டினால் நெரிசல் தீரும் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை முழுமனதுடன் ஏற்கிறேன். ஆனால் அவர் தொடாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மேம்பாலம் திறக்கப்பட்டதும் பொதுவாக லெவல் கிராசிங் நிரந்தரமாக மூடப்படும். மின்மயமான பாதையில் மின்கம்பிகளுக்கு மேலே போதிய இடைவெளி விட்டுத் தளம் அமைக்க வேண்டியிருப்பதால், பாலத்தின் சாலை தரையிலிருந்து ஏறத்தாழ 8 மீட்டர் உயர வேண்டும். 30 மீட்டருக்கு 1 மீட்டர் என்ற சரிவில் கணக்கிட்டால், ஒரு பக்கத்து ஏற்றம் மட்டுமே 240 மீட்டர் நீளும். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் உள்ள ரேஷன் கடைக்குப் போகும் மூதாட்டி, அரை கிலோமீட்டர் ஏறி இறங்குவாரா? அவர் தண்டவாளத்தைத்தான் கடப்பார். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆவது பிரிவின்படி அது குற்றம் என்பது ஒருபுறமிருக்க, உயிருக்கே ஆபத்து. ஆகவே பாதசாரிகளுக்கும் சைக்கிளில் செல்வோருக்கும் மழைநீர் தேங்காத சிறிய சுரங்கப்பாதையைத் திட்ட மதிப்பீட்டிலேயே சேர்க்க வேண்டும். பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தால் அது வராது.

மேம்பாலப் பணிகள் தாமதமாவதற்கு ரயில்வேயை மட்டும் குறை கூறுவதும் சரியன்று. தண்டவாளத்தின் மேலுள்ள பகுதியை ரயில்வேயும், இருபுற அணுகுசாலைகளை மாநில நெடுஞ்சாலைத் துறையும் கட்டுவதே தமிழ்நாட்டில் வழக்கம் என்பதால், நிலம் எடுப்பதில் சுணக்கம் ஏற்பட்டால் நடுப்பகுதி மட்டும் அந்தரத்தில் நிற்கும். கடைகளை இழப்போருக்கு 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டப்படியான இழப்பீட்டை முதலிலேயே வழங்கிவிட்டுப் பணியைத் தொடங்குமாறு மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.