தலைவரே, தூரிகையைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

நம் தலைவர் வரைந்து வெளியிட்ட ஒற்றுமைப் படத்தைத்தான் சொல்கிறேன். இரண்டு நாளாக எல்லோர் சமூக ஊடகப் பக்கத்திலும் அதுதான். தலைவர் தன் கையாலேயே வரைந்தாராம், ஒற்றுமையின் சின்னமாம். கண் கலங்கிவிட்டது என்று எழுதியவர்களில் என் நண்பர்களும் உண்டு. நல்லது, துடைத்துக்கொள்ளுங்கள்.

படம் மோசம் என்று சொல்லவில்லை. வண்ணங்கள் பரவாயில்லை. ஆனால் ஒற்றுமையை வரைய எத்தனையோ ஓவியர்கள் இருக்கிறார்கள். ஒற்றுமையைக் கொண்டுவரும் உத்தரவில் கையெழுத்துப் போட அவர் ஒருவரால்தான் முடியும்.

'சர்ச்சில் வரையவில்லையா?' என்பீர்கள். வரைந்தார். பிரிட்டிஷ் பிரதமராக இருந்த அவர் இரண்டாம் உலகப்போர் நடந்த காலம் முழுவதிலும் வரைந்தது ஒரே ஒரு படம். 1943 ஜனவரியில் மொராக்கோவில் போர் பற்றிப் பேசிய காசாபிளாங்கா மாநாடு முடிந்ததும் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டை அங்கேயே உள்ள மராகேஷ் நகருக்கு அழைத்துப்போனார். ரூஸ்வெல்ட் கிளம்பியபின் அங்கிருந்த குதுபியா மசூதிக் கோபுரத்தை வரைந்து அவருக்கே பரிசளித்தார். முதலில் மாநாடு, அப்புறம்தான் படம். நம்மவர் பேச்சுவார்த்தையைத் தாண்டிக் குதித்து நேராகப் படத்துக்கு வந்துவிட்டார்.

முன்னாள் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷையும் இழுப்பார்கள். 2021-இல் 43 குடியேறிகளின் உருவப்படங்களை வரைந்து புத்தகமாகப் போட்டார். பதவியில் இருந்தபோது அவர் ஆதரித்த குடியேற்றச் சீர்திருத்த மசோதா 2007-இல் செனட்டில் தோற்றது. சரி, அவராவது முயன்றார்.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரே வேலைக்கு இரண்டு பிரிவுகளில் இரண்டு சம்பளம். கேட்டோம். ஒரு சுவரைக் காட்டி, எல்லோரும் சாயத்தில் கையை முக்கி அச்சுப் பதியுங்கள், நாமெல்லாம் ஒரே குடும்பம் என்றார்கள். பதித்தோம், போட்டோவுக்கும் நின்றோம். சம்பளம் அப்படியேதான் இருந்தது. அதன்பிறகு வாய் திறந்தவர்களுக்கு 'குடும்பத்தைப் பிரிக்கிறவன்' என்று பட்டம். எனக்கும் கிடைத்தது. அதனால்தான் இந்த மாதிரிப் படங்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

'உனக்குப் பொறாமை, முடிந்தால் நீ வரைந்து காட்டு' என்பீர்கள். எனக்கு நேர்கோடே வராது சாமி. நான் தலைவரும் இல்லை.

வரையத் தெரிந்தவர்களை என்ன செய்தோம்? இந்து தெய்வங்களை நிர்வாணமாக வரைந்தார் என்று எதிர்ப்பும் வழக்குகளும் கிளம்ப, ஓவியர் எம்.எஃப். ஹுசைன் 2006-இல் நாட்டைவிட்டே போனார். 2008-இல் டெல்லி உயர்நீதிமன்றம் அவர்மீதான வழக்குகளைத் தள்ளுபடி செய்தது. ஆனாலும் திரும்பி வரமுடியாமல் 2011-இல் லண்டனில் செத்துப்போனார். கலையை மதிக்கவேண்டும் என்று எனக்குப் பாடம் எடுக்கும் உங்களில் இரண்டு பேர், பெயர் சொல்லமாட்டேன், அன்றைக்கு என் முகத்துக்கு நேரே 'அந்த ஆளுக்கு நல்லா வேணும்' என்று சொன்னவர்கள்.