சிட்டா இல்லாதவர்களின் கணக்கு

காங்கேயத்துக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊர் வானம் பார்த்த பூமி. கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்தில் மாடு மேய்த்து, இரு வேளையும் சொசைட்டிக்குப் பால் ஊற்றித்தான் பல குடும்பங்களின் பிழைப்பு ஓடுகிறது. நானும் அந்தச் சங்கத்தில் உறுப்பினர். யார் ஏழை என்பதற்கு அரசு வைத்திருக்கும் கணக்கு ஒன்று, பால் ஊற்ற வரிசையில் நிற்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு வேறொன்று என்பதைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன்.

2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைக்கு நன்செய் 5 ஏக்கர், புன்செய் 10 ஏக்கர் என்று நில வரம்பு வைத்தார்கள். இரண்டையும் பிரித்துப் பார்த்தது நியாயம். ஆனால் கிணறு வற்றிப்போன 12 ஏக்கர் கொறங்காட்டை வைத்திருக்கும் குடும்பத்தைப் பற்றி எங்கள் உறுப்பினர்கள், "அவங்களுக்குக் காடு இருக்குதுங்க, வருமானம் எங்கீங்க இருக்குது?" என்றுதான் கேட்கிறார்கள். கறவை மாடு ஒன்று படுத்துவிட்டால் அடுத்த பால் பணப் பட்டுவாடா வரைக்கும் யாரிடம் கைமாற்று வாங்குவது, வாங்கினால் என்ன வட்டி என்பதை வைத்தே அவர்கள் ஒரு வீட்டின் நிலையை அளக்கிறார்கள்.

கடன் தள்ளுபடியைப் பற்றிய பேச்சும் வெளியில் நினைப்பது போல இல்லை. 2021 பிப்ரவரியில் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடியானது. ஜனவரி 31 அன்று நிலுவையில் இருந்த கடனுக்கே அது பொருந்தியது. தவணைக்குள் கட்டினால் பயிர்க்கடனுக்கு வட்டி இல்லை என்பதால், என் சித்தப்பா அதற்குச் சில நாட்கள் முன்புதான் சித்தியின் வளையலைத் தனியாரிடம் அடகு வைத்து மொத்தத்தையும் கட்டியிருந்தார். பயிர்க்கடன் அடைந்தது, அடகு வட்டி இரண்டு ஆண்டு ஓடியது. தள்ளுபடி வேண்டாம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை, மழை பொய்த்த ஆண்டில் அது எத்தனை பேரைக் காப்பாற்றியது என்பது அவருக்குத் தெரியும். நாணயமாகக் கட்டியவனையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்பதுதான் அவருடைய ஆற்றாமை.

அதைவிட என் மனத்தை அறுப்பது, அந்தப் பேச்சிலேயே வராதவர்களின் நிலை. பயிர்க்கடனுக்கு நிலம் யாருடையது என்று காட்டும் சிட்டாவும், அதில் என்ன பயிர் இருக்கிறது என்று காட்டும் அடங்கலும் வேண்டும். சொந்தமாக ஒரு சென்ட் நிலம்கூட இல்லாமல் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போகிறவருக்குக் கடனும் இல்லை, அதனால் தள்ளுபடியும் இல்லை. எங்கள் பகுதியில் அவர்களில் பலர் அருந்ததியர்கள் என்பதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்குத் திறந்திருக்கும் கதவு பால் சங்கம்தான், ஏனென்றால் அங்கே பாலின் கொழுப்பும், அடர்த்தியைக் காட்டும் டிகிரியும்தான் விலையைத் தீர்மானிக்கின்றன, பட்டாவை யாரும் கேட்பதில்லை.

2018-19 மத்திய பட்ஜெட்டிலேயே உழவர் கடன் அட்டையைக் கால்நடை வளர்ப்போருக்கும் விரிவுபடுத்துவதாக அறிவித்தார்கள். போன மாதம் பால் ஊற்றிவிட்டுத் திரும்பும்போது, ஒற்றை மாடு வைத்திருக்கும் ஓர் அம்மா என்னிடம், "நூறு நாள் வேலை கூலி வந்து அரிசி கடைக்கே போயிருதுங்க கண்ணு, இன்னொரு கன்னு புடிக்கறதுக்கு எங்களுக்கெல்லாம் கடன் குடுப்பாங்களா?" என்று கேட்டார். அப்படி ஒரு அட்டை இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. எங்கள் சங்கத்தின் அடுத்த பேரவைக் கூட்டத்தில் முதல் பொருளாக இதை வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த அம்மாவையும் கூட்டத்துக்கு அழைத்துப் போகப் போகிறேன்.