முப்பத்து நாலு வருஷம் தாமதமாக வந்த சம்பளம்

ஊட்டிக்குப் போகிற வழியில் வெலிங்டன் ராணுவ வளாகத்தை வேடிக்கை பார்த்துவிட்டு, வர்க்கி வாங்கிக்கொண்டு மலையேறிய கூட்டத்தில் நானும் ஒருவன். 1971இல் பாகிஸ்தானோடு நடந்த போரின்போது தரைப்படைத் தளபதியாக இருந்த பீல்டு மார்ஷல் சாம் மானெக்‌ஷா ஓய்வுக்காலத்தைக் கழித்தது குன்னூரில், 2008 ஜூன் 27 அன்று கண்மூடியது அந்த வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில், அடக்கமானது ஊட்டி பார்சி கல்லறையில் என்பதெல்லாம் ரொம்பப் பிந்தித்தான் தெரிந்தது.

அவர் பேச்சு வந்தாலே மீசையும் நக்கலும்தான் முதலில் வரும். 1942இல் பர்மாவின் சிட்டாங் ஆற்றுப் பக்கம் ஜப்பானியர் சுட்டதில் வயிறு சல்லடையாகிவிட்டது. ஆள் தேறமாட்டார் என்று நினைத்த தளபதி கோவன், தன் சட்டையில் இருந்த மிலிட்டரி கிராஸ் என்ற வீரப் பதக்கத்தின் நாடாவைக் கழற்றி இவருக்குக் குத்திவிட்டார். என்ன ஆச்சு என்று கேட்ட டாக்டரிடம் இவர், “கோவேறு கழுதை உதைத்துவிட்டது” என்றாராம்.

சரி, வீரம் இருக்கட்டும். எனக்குப் பெரிதாகப் படுவது 1971 ஏப்ரலில் அவர் சொன்ன ‘இப்போது முடியாது’. அப்போது பாகிஸ்தானிடம் இருந்த கிழக்கு வங்காளத்துக்குள் (இன்றைய வங்கதேசம்) படையோடு போகச் சொன்னவர் இந்திரா காந்தி. மழை வந்தால் அங்கே ஆறெல்லாம் கடலாகிவிடும், பனி உருகினால் வடக்கே கணவாய்கள் திறந்து சீனா வரலாம், படையை நகர்த்த ரயில் வேண்டும், அதுவோ அறுவடை நேரம், ரயிலெல்லாம் தானியம் ஏற்றப் போய்விடும் என்பது அவர் வாதம். வேண்டுமானால் ராஜினாமா தருகிறேன் என்றும் சொன்னதாக அவரே பின்னாளில் விவரித்திருக்கிறார். மனுஷன் நல்ல கதைசொல்லி, கொஞ்சம் மசாலா சேர்ந்திருக்கலாம். ஆனால் போர் டிசம்பரில்தான் வந்தது. பதின்மூன்றே நாளில் முடிந்து பாகிஸ்தான் தரப்பில் 93,000 பேர் பிடிபட்டார்கள்.

அந்த வாய் அவரைச் சும்மா விடவில்லை. 1971க்குப் பல வருஷம் முன்பு, வெலிங்டனில் ராணுவ அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் கல்லூரிக்குத் தலைவராக இருந்தபோதே அவர்மீது விசாரணை வைத்தார்கள். குற்றமில்லை என்று முடிந்தது. 1962இல் சீனாவிடம் அடிவாங்கியதும், சிதறிக் கிடந்த படையைத் தூக்கி நிறுத்த அதே ஆளைத்தான் அசாமின் தேஜ்பூருக்கு அனுப்பினார்கள்.

1973 ஜனவரியில், ராணுவத்தின் உச்சப் பதவியான பீல்டு மார்ஷல் ஆனார். அந்தப் பதவிக்கு ஓய்வே கிடையாது, உயிருள்ளவரை முழுச் சம்பளம் உண்டு. ஆனால் முழுசாகத் தராமல் வைத்திருந்த சம்பள நிலுவை, ஒரு கோடி ரூபாய்க்கும் மேல், கைக்கு வந்தது 2007இல்! தொண்ணூறு தாண்டியவர் அதை வைத்து என்ன செய்வார்? கோப்பு எந்த மேசையில் தூங்கியது என்று யாராவது கேட்டார்களா?

இறுதிச் சடங்குக்குப் பாதுகாப்பு அமைச்சர் வரவில்லை, இணையமைச்சர் வந்தார். முப்படைத் தளபதிகளில் ஒருவர்கூட நேரில் இல்லை. டெல்லியிலிருந்து கோயம்புத்தூருக்கு விமானமா இல்லை?