பத்து மணி நேரம் ஒதுக்க முடியாதா உங்களால்?

நன்றாக வேலை செய்கிற ஒருவரைப் பிடித்து மேனேஜர் நாற்காலியில் உட்கார வைக்க வேண்டியது. அப்புறம் அவரும் திண்டாடி, அவருக்குக் கீழே இருக்கிற டீமும் திண்டாடுவதை வேடிக்கை பார்க்க வேண்டியது. கேட்டால் ப்ரமோஷனாம்!

புது மென்பொருள் வந்தால் இரண்டு நாள் பயிற்சி வைக்கிறார்கள். தீயணைப்புக் கருவியை எப்படிப் பிடிப்பது என்று வெளியே நிற்க வைத்துச் சொல்லித் தருகிறார்கள். ஒரு டீமே நிம்மதியாக வேலைக்கு வருவதா, வயிற்றில் புளியைக் கரைத்தபடி வருவதா என்பதைத் தீர்மானிக்கிற பொறுப்புக்கு மட்டும் ஒரு வாழ்த்து மின்னஞ்சல், ஒரு கேக். முடிந்தது.

எங்கள் மேனேஜரும் அப்படி வந்தவர்தான். வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. யாருக்கும் பிடிபடாத சிக்கலை அரை மணி நேரத்தில் அவிழ்த்துவிடுவார். இப்போதும் அதையேதான் செய்கிறார், பிரச்சினையே அங்கேதான். நாங்கள் முடித்துக் கொடுத்ததை ராத்திரியோடு ராத்திரியாக அவரே மாற்றிவிடுவார். எங்கே தப்பு என்று சொல்லமாட்டார். குறை சொல்வதென்றால் எல்லோரும் இருக்கிற குரூப்பில் போட்டு உடைப்பார். பாராட்டு? அப்படி ஒன்று நடந்தால் வந்து சொல்கிறேன். டெட்லைன் மாறியதே வாடிக்கையாளர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியவரும். வருஷக் கடைசியில் அப்ரைசலுக்கு உட்கார்ந்தால், எப்போதோ நடந்த தவறு ஒன்றை எடுத்து மேஜையில் வைப்பார். ஏன் சார், அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?

மனிதர் கெட்டவரும் இல்லை. அதனால் மனசாரத் திட்டவும் முடியவில்லை. நடுராத்திரியில் அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிவதைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கிறது. வேலையைப் பிரித்துக் கொடுக்க, தனியே கூப்பிட்டுப் பக்குவமாகக் குறை சொல்ல, மேலிடத்தில் 'இது முடியாது' என்று பேச இவருக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள்? என் கோபமெல்லாம் அவரை அங்கே உட்கார வைத்துவிட்டுக் கை கழுவியவர்கள் மேல்தான்.

இது எங்கள் ஆபீஸ் கூத்து மட்டுமில்லை. பிரிட்டனின் சார்ட்டர்டு மேனேஜ்மென்ட் இன்ஸ்டிட்யூட் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அங்கே மேலாளர் பொறுப்புக்கு வருகிறவர்களில் 82 சதவீதம் பேர் முறையான பயிற்சி எதுவும் இல்லாமலே வருகிறார்கள். அமெரிக்க நிறுவனங்களின் விற்பனையாளர்களை ஆராய்ந்து மூன்று பொருளாதார அறிஞர்கள் 2019-இல் எழுதியது இன்னும் எரிச்சல். நன்றாக விற்பவருக்குத்தான் பதவி உயர்வு அதிகம் கிடைக்கிறது. ஆனால் அப்படிப்பட்டவர் மேலாளரானால், அவருக்குக் கீழே இருப்பவர்களின் விற்பனை சரிகிறது.

நேரமில்லை என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் பழகிய ஆட்கள் போருக்குப் போய்விட, எங்கு பார்த்தாலும் புதுமுகங்கள். அவர்களை மேய்க்க அவசர அவசரமாக மேற்பார்வையாளர் ஆக்கப்பட்டவர்கள் வேறு. இவர்களுக்குக் கைகொடுத்தது, 1940-இலேயே அரசாங்கம் தொடங்கியிருந்த 'டிரெயினிங் விதின் இண்டஸ்ட்ரி' என்ற பயிற்சித் திட்டம். அதில் ஒரு பாடம் முழுக்க ஆட்களை நடத்தும் விதம் பற்றியது. 2 மணி நேரம் வீதம் 5 அமர்வுகள், மொத்தமே 10 மணி நேரம். வந்தவர்கள் தங்கள் ஆட்களோடு தங்களுக்கு இருந்த நிஜச் சிக்கலையே வகுப்புக்குக் கொண்டுவந்து அலசினார்கள். கையில் கொடுத்த சின்ன அட்டையில் இருந்தவை என்ன தெரியுமா? அவரவர் வேலை எப்படிப் போகிறது என்று அவரவரிடம் சொல்லுங்கள். பாராட்ட வேண்டியதைப் பாராட்டுங்கள். அவர்களைப் பாதிக்கும் மாற்றத்தை முன்கூட்டியே தெரிவியுங்கள். ஒவ்வொருவரின் திறமையையும் முழுசாகப் பயன்படுத்துங்கள். எங்கள் டீமில் நடக்காததை எல்லாம் யாரோ 80 வருஷத்துக்கு முன்பே எழுதி வைத்த மாதிரி இல்லையா! 1945-க்குள் 16 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தத் திட்டத்தில் பயிற்சி பெற்றார்கள். போர் நடந்துகொண்டிருந்தபோது!

எங்கள் ஹெச்ஆரும் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். டீமை வழிநடத்துவது பற்றி ஒரு வீடியோ பாடம் அனுப்பினார்கள். மேனேஜர் அதை ஒரு பக்கம் ஓடவிட்டு, சத்தத்தை நிறுத்திவிட்டு, இன்னொரு பக்கம் மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தார். கடைசியில் பத்துக் கேள்விகள், பத்துக்கும் சரியான விடை. சான்றிதழும் வந்துவிட்டது. அந்தப் பத்து விடைகளும் இப்போது மற்ற மேனேஜர்களிடம் சுற்றிக்கொண்டிருக்கின்றன.