'மேத்யூஸ் இறுதிப் போட்டி'யில் மேத்யூஸ் கோல் அடிக்கவில்லை

இங்கிலாந்துக் கால்பந்தின் 1953 எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டியில் ஸ்டான்லி மேத்யூஸ் மூன்று கோல்கள் அடித்து தன் அணியான பிளாக்பூலை வெற்றிபெற வைத்தார் என்றும், அதனால்தான் அது 'மேத்யூஸ் இறுதிப் போட்டி' எனப்படுகிறது என்றும் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றி வருகிறது. பெயர் உண்மை, காரணம் தவறு.

மே 2 அன்று லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில் எதிரணியான போல்டன் 3-1 என முன்னிலை பெற்றிருந்தது. பிளாக்பூலின் மூன்று கோல்களை அடித்தவர் ஸ்டான் மார்டென்சன். 90 நிமிடம் முடிந்து, தடைபட்ட நேரத்துக்காகச் சேர்க்கப்பட்ட நிமிடங்களில் வெற்றி கோலைப் போட்டு 4-3 ஆக்கியவர் பில் பெரி. மேத்யூஸ், மார்டென்சன் இருவருக்கும் 'ஸ்டான்' என்ற பெயர் பொது என்பதால் குழப்பம் வந்ததோ என்னவோ!

மேத்யூஸ் வலது ஓரத்தில் விளையாடியவர். கடைசி அரை மணி நேரத்தில் எதிரணித் தடுப்பாளர்களை அவர் திணறடித்த விதமே ஆட்டத்தைத் திருப்பியது. பெரியின் கோலுக்குப் பந்தைத் தந்ததும் அவரே. அப்போது அவருக்கு 38 வயது. முந்தைய இரண்டு இறுதிப் போட்டிகளில் (1948, 1951) தோற்றிருந்ததால் ஊரே அவர் பக்கம் நின்றது. பாவம், மூன்று கோல் அடித்த மார்டென்சனின் பெயர் பின்னுக்குப் போய்விட்டது.

அதே செய்தி, மேத்யூஸ் 50 வயதிலும் இங்கிலாந்தின் அன்றைய உச்ச லீக்கான முதல் டிவிஷனில் ஆடினார் என்கிறது. இதை நம்பலாம்: 1965 பிப்ரவரியில் ஸ்டோக் அணிக்காக ஆடினார்.

கோல் விவரங்களை எஃப்.ஏ. கோப்பையின் பதிவுகளிலும் அன்றைய செய்திப்படத்திலும் சரிபார்க்கலாம். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் மேலும் பகிர வேண்டாம். அனுப்பியவருக்கு மார்டென்சனின் பெயரைச் சொல்லுங்கள்.